இருபத்தைந்து சதவீதம் பிள்ளைகள்

நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற வழியில், கோழிப்பண்ணை வாசம் பழகிப் பழகி வாசமே இல்லை என்று எல்லோரும் நம்புகிற ஓர் ஊரில், ஸ்ரீ வித்யா வித்யாஷ்ரம் வித்யாலயா என்று ஒரு மெட்ரிக் பள்ளி இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் ஊர்க்காரர்கள் அதை மூணு வித்யா ஸ்கூல் என்றார்கள். அங்கே மார்க் வாங்குவது ஒன்றுதான் வேலை, மற்றதெல்லாம் வீண் வேலை, வீண் வேலைகளிலேயே பெரிய வீண் வேலை ஆண்டு மலர் தயாரிப்பது, ஆகவே அது வருஷா வருஷம் கம்ப்யூட்டர் டீச்சர் கோகிலவாணியின் தலையில் வந்து விழுந்தது. தனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் இன்னொரு வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

மலர்க்குழு என்று நோட்டீஸ் போர்டில் அவளோடு இன்னும் இரண்டு பேர் பெயரும் இருந்தது. ஒருவர் தமிழாசிரியர் இளவழுதி. பிள்ளைகள் எழுதும் கவிதையில் சந்திப்பிழை திருத்தித் திருத்திக் கடைசியில் அதைத் தாசில்தாருக்குப் போகும் மனு மாதிரி ஆக்கிவிடுவார். இன்னொருவர் பி.டி. மாஸ்டர் சம்பத், எந்தக் குழுவாக இருந்தாலும் ஒரு விசில் இருப்பது நல்லது என்று தாளாளர் சேர்த்துவிட்டவர். இவர்கள் இரண்டு பேரும் டீ குடிக்க வருவார்கள். வேலையை கோகிலவாணி பார்ப்பாள்.

படங்கள் எல்லாத் திசையிலிருந்தும் வந்தன. பென் டிரைவில் வந்தன, செல்போனில் வந்தன, மெயிலில் வந்தன; பழைய டீச்சர் ஒருவர் சிடியில் கொண்டுவந்து நீட்டி, அதைப் போட இடமில்லை என்றதும் அவளுடைய வளர்ப்பையே சந்தேகிப்பது போல் பார்த்துவிட்டுப் போனார். விளையாட்டு விழா புதுசு, விளையாட்டு விழா ரொம்பப் புதுசு, ஃபைனல், ஃபைனல் ஃபைனல், இதுதான் ஃபைனல் என்று பெயர் வைத்த ஃபோல்டர்கள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடந்தன. அறிவியல் கண்காட்சி என்று எழுதியிருந்ததைத் திறந்தால் யாரோ ஒருத்தருடைய மச்சான் கல்யாணம் இருந்தது. கோகிலவாணி ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, இரட்டித்ததை அழித்து, மங்கலாக இருந்ததை ஒதுக்கி, வருஷம், வகுப்பு, பிரிவு என்று பெயர் மாற்றி, அதனதன் இடத்தில் இறக்கி வைத்தாள். உளுந்து டப்பாவில் உளுந்து மட்டும் இருப்பதைப் பார்க்கும்போது சிலருக்கு வருமே ஒரு நிம்மதி, அது அவளுக்குத் தினமும் சாயங்காலம் பஸ்ஸில் உட்காரும்போது வரும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது 'வகுப்புப் படங்கள்' என்ற ஃபோல்டர். தை மாதம் ஸ்டுடியோக்காரர் வந்து எல்கேஜி முதல் பிளஸ் டூ வரை வகுப்பு வகுப்பாக நிற்க வைத்து எடுத்த படங்கள் அதில் இருந்தன. டீச்சர்கள் உட்காரக் கல்யாண மண்டபத்திலிருந்து வர வேண்டிய நாற்காலிகள் வராததால் டீச்சர்கள் யாரும் படத்தில் இல்லை; ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு மட்டும் நேராக நிற்காது என்பதால் அவர்கள் ஓரத்தில் சம்பத் மாஸ்டர் நின்றிருந்தார். எட்டாம் வகுப்பு பி பிரிவில் கோகிலவாணியின் மகள் மௌலிகா இல்லை. அவளுக்கு அம்மை போட்டு வீட்டில் வேப்பிலை மேல் படுத்திருந்தாள். அவள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு இடைவெளிகூட விடாமல் மற்ற பிள்ளைகள் நெருக்கி நின்றிருந்ததை, பெயர் மாற்றும்போது கோகிலவாணி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அச்சகத்திலிருந்து போன் வந்தது.

"படமெல்லாம் யானையாட்டம் இருக்குதுங்க மேடம். பக்கம் அமைச்சுப் பார்க்கறதுக்கு இத்தனை பெருசு வேண்டியதில்லீங்க. குறைச்சு அனுப்பிச்சுருங்க."

கோகிலவாணி அந்த வகுப்புப் படங்கள் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, அளவு என்ற கட்டத்தில் இருபத்தைந்து சதவீதம் என்று போட்டாள். பழைய படங்களின் மேலேயே புதியதைப் போட்டுவிடலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அப்படிக் கேட்பதை யார்தான் முழுசாகப் படிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று அழுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

திரையில் பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது. அது நகர நகரப் பள்ளிக்கூடத்தின் சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் எல்கேஜியின் அழுகை யாரோ கதவைச் சாத்தியது போல் தேய்ந்தது, அப்புறம் இரண்டாம் வகுப்பின் வாய்ப்பாடு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது, அப்புறம் ஆறாம் வகுப்பின் சண்டை கொசுச் சத்தமாகி, ஒன்பதாம் வகுப்பின் பெஞ்சு தட்டல் நின்று, பிளஸ் டூவின் முணுமுணுப்பும் போய், கோடு வலது ஓரத்தைத் தொட்டபோது கட்டிடம் முழுக்க மின்விசிறிகள் சுற்றுவது மட்டும் கேட்டது. இன்றைக்கு என்னவோ பிள்ளைகள் அடங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் படங்களை அச்சகத்துக்கு அனுப்பினாள்.

மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். பிளஸ் டூ பையன்கள் ஒன்றேகால் அடி இருந்தார்கள், எல்கேஜி ஒரு சாண் இருந்தது, நடுவில் உள்ளவர்கள் நடுவில் இருந்தார்கள். போட்டிருந்த ஷூ, கட்டியிருந்த டை, மாட்டியிருந்த பை எல்லாம் அவர்களோடு சேர்ந்து அளவாகச் சுருங்கியிருந்தன. மாடிப்படி ஒவ்வொன்றும் மதில் மாதிரி இருந்ததால் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்து இறக்கிவிட்டுக்கொண்டு வரிசையாக வந்தார்கள். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர்கள் வரிசையாக வந்தார்கள்.

கேட்டில் நின்ற அம்மாக்கள் குனிந்து தேடித் தங்கள் பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள். சாப்பாட்டை மிச்சம் வைத்தாயா, தண்ணீர் குடித்தாயா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்கள். ஓர் அம்மா மட்டும், "இது ஏனுங்க இப்படி?" என்று வாட்ச்மேனைக் கேட்டார். "எனக்குத் தெரியாதுங்க, நான் கேட் வேலை மட்டும்தான்" என்றார் வாட்ச்மேன். நாலு நடை அடிக்கிற வேன் அன்றைக்கு ஒரே நடையில் எல்லோரையும் இறக்கிவிட்டது. டிரைவர் வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிப்போட்டுப் படுத்தார்.

கோகிலவாணிக்கு விஷயம் உடனே புரிந்தது. லேப் வாசலில் மௌலிகா மட்டும் வழக்கமான உயரத்தில் நின்றுகொண்டிருந்ததைக் கண்டதும், திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், மறுபடி மகளைப் பார்த்தாள், பிறகு நேராகத் தாளாளர் செங்கோட்டுவேலின் அறைக்குப் போனாள்.

"சார், தப்பு என்னோடதுங்க. படத்தை நான்தான் குறைச்சனுங்க."

"எத்தனை குறைச்சீங்க டீச்சர்?"

"இருபத்தஞ்சு பர்சென்ட் வெச்சனுங்க."

செங்கோட்டுவேல் ஜன்னல் வழியாகக் காலி மைதானத்தைப் பார்த்தார். அவருக்குக் கணக்கு நன்றாக வரும். "இருபதுன்னு வெச்சிருந்தா இன்னும் தாராளமா இருந்திருக்கும்" என்றார். "செரி, பரவால்ல. என் படத்தைத் தொட்டீங்களா?"

"இல்லீங்க சார்."

"அதைத் தொடாதீங்க. அது ஒரிஜினல் சைஸ்லயே இருக்கோணும்."

அவள் திருத்தத்தான் பார்த்தாள். பழைய படங்கள் மேலேயே புதியவை ஏறிவிட்டதால் குப்பைத்தொட்டியில்கூட எதுவும் இல்லை. அச்சகத்தைக் கேட்டால், சின்னது வந்ததும் பெரியதையெல்லாம் அழித்தாயிற்று என்றார்கள். ஸ்டுடியோக்காரரைக் கேட்டால், அந்த மெமரி கார்டை அழித்து ஒரு காதுகுத்து எடுத்தாயிற்று என்றார். இதற்கு நடுவில் சம்பத் மாஸ்டர் வந்து அவள் மேஜைக் காலைத் தட்டினார். அவருடைய விசிலும் அவரோடு சேர்ந்து சுருங்கிவிட்டது. ஊதினால் பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை, நாய்களுக்கு மட்டும் கேட்டது. காலைப் பிரார்த்தனையில் ஊர் நாய்கள் எல்லாம் வந்து உயரவாரியாக லைனில் நின்றன.

"என்னைப் பெருசு பண்ணிருங்க மேடம். ஆனது ஆகட்டும்."

அவள் அவரை ஒன்பது பி படத்திலிருந்து தனியாக வெட்டியெடுத்து நானூறு சதவீதம் போட்டாள். சம்பத் மாஸ்டர் பழைய உயரத்துக்கு வந்தார். ஆனால் மங்கலாக வந்தார். ஓரமெல்லாம் கலங்கி, முகம் கட்டம் கட்டமாக, மழை பெய்யும் கண்ணாடி வழியாகப் பார்க்கிற ஆள் மாதிரி இருந்தார். அவர் மனைவி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஷேவ் பண்ணியிருக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை, மற்றபடி முன்பைவிடப் பரவாயில்லை என்று அழைத்துப் போனார். அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று கண்டுபிடிக்க முடியாததால் பிள்ளைகள் அதன் பிறகு அவருக்கு அதிகமாகப் பயந்தார்கள். ஆனாலும் பெற்றவர்களிடம் மங்கலான பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க கோகிலவாணிக்கு மனசு வரவில்லை.

ஊர் பழகிக்கொண்டது. எப்படிப் பழகிக்கொண்டது என்றால், ஒரே வாரத்தில் இதற்கு முன்னால் பிள்ளைகளை எப்படிச் சமாளித்தோம் என்று பேச ஆரம்பித்தது. ஒரு தோசை சுட்டு மூன்று பிள்ளைகளுக்குப் பிய்த்துப் போட்டார்கள், ஒரு போசித் தண்ணீரில் இரண்டு பேரைக் குளிப்பாட்டினார்கள், டிவியின் மேல் அடுக்கில் பஞ்சு வைத்துப் படுக்கப் போட்டார்கள், பைக்கில் முன்னால் காய்கறிப் பையைத் தொங்கவிட்டு அதில் அண்ணன் தம்பி எல்லோரையும் நிற்க வைத்துக் கூட்டிப்போனார்கள். டவுன் பஸ்ஸில் இது பிள்ளைக்கான அரை டிக்கெட்டா, கூடைக்கான லக்கேஜா என்று கண்டக்டருக்கும் ஓர் அம்மாவுக்கும் வந்த தகராறு டிப்போ வரைக்கும் போய், மடியில் வைத்தால் டிக்கெட் இல்லை, கையில் பிடித்தால் லக்கேஜ் என்று முடிவாயிற்று. முடிவெட்டுகிறவர் மட்டும், இது நுணுக்க வேலை என்று கூலியை ஏற்றினார். கல்வி அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை சரியாக இருக்கிறது, அளவைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்று காபி குடித்துவிட்டுப் போனார். சின்னதாக இருந்தால் பிள்ளைக்குக் கவனம் சிதறாதாமே என்று பக்கத்து ஊர்ப் பெற்றோர்கள் போட்டோவோடு வந்து வரிசையில் நின்றார்கள். நாட்டுச் சேவல்கள்தான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பிளஸ் ஒன் பையன் ஒருத்தனை ஒரு சேவல் தெருத்தெருவாகத் துரத்திச் சாக்கடைக்குள் தள்ளிய பிறகு, பிள்ளைகள் ஈர்க்குச்சியை ஈட்டியாகப் பிடித்துக்கொண்டு கூட்டமாகத்தான் வெளியே போனார்கள்.

செங்கோட்டுவேல் கொத்தனார்களைக் கூப்பிட்டு, கீழ் வகுப்புகளின் அறைகளில் பாதி உயரத்தில் ஒரு தளம் போடச் சொன்னார். ஓர் அறை இரண்டு அறையாயிற்று. இடங்கள் இரட்டிப்பு, அட்மிஷன் நடைபெறுகிறது என்று பைபாஸில் பேனர் எழுந்தது, அதில் அவர் மட்டும் இரண்டு ஆள் உயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். டீச்சர்கள் தவழ்ந்து போய்ப் பாடம் நடத்தினார்கள். இளவழுதி ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "அம்மா, தாளாளர் படமும் உங்க கிட்டதானே இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். எல்லோரும் பேப்பர் திருத்துவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். கோகிலவாணி யோசித்துத்தான் பதில் சொன்னாள். "சின்னவராயிட்டா அப்புறம் எந்த மேஜைக்கு அடியில நின்னு கேக்கறாருன்னு நமக்குத் தெரியாதுங்கய்யா." எல்லோரும் மறுபடி பேப்பர் திருத்தினார்கள்.

எல்லோரையும்விட மௌலிகாவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அவள் வகுப்பில் அன்றைக்குப் படத்துக்கு நிற்காதவள் அவள் ஒருத்திதான். புதுத் தளத்துக்குக் கீழே அவளால் நிமிர முடியாது, ஆகவே வாசலில் உட்கார்ந்து தலையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டாள். மௌலி, ஜன்னலைச் சாத்து என்பார்கள். மௌலி, எங்களைத் தூக்கி மேலே விடு, மௌலி, பல்லி வருது, விரட்டு என்பார்கள். அவளும் செய்வாள். வேலை முடிந்ததும் அவர்கள் புத்தகப் பைக்குப் பின்னால் கூட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள், அந்தப் பேச்சு அவள் காது வரைக்கும் ஏறாது.

பிறகு திருப்புதல் தேர்வு வந்தது, அதுதான் செங்கோட்டுவேலின் தூக்கத்தைக் கெடுத்தது. விடைத்தாள் பிள்ளைகளுக்குப் பந்திப்பாய் அளவு இருந்தது. பேனாவை உலக்கை மாதிரி இரண்டு கையாலும் பிடித்து, ஒரு வரி எழுத இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்து, அடுத்த வரிக்குத் திரும்பி நடந்து, பள்ளியின் முதல் மாணவி மூன்று மணி நேரத்தில் ஒரு மார்க் கேள்விகளை மட்டும் முடித்துவிட்டு, மை கசிந்த கையோடு விடைத்தாள் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டாள். பைபாஸ் பேனரில் நூற்றுக்கு நூறு என்று போட்டிருந்த இடத்தை நினைத்துத் தாளாளருக்கு வியர்த்தது.

"டீச்சர், பத்து, பதினொண்ணு, பன்னெண்டு மட்டும் பெருசு பண்ணிருங்க."

"மங்கலா வருவாங்க சார். சம்பத் சாரைப் பார்த்தீங்கல்ல."

"ஆளு மங்கலா இருந்தா என்னுங்க, மார்க் தெளிவா வந்தாப் போதும்."

"மத்த கிளாஸ்?"

"அவங்களுக்கு என்ன அவசரம்? பரீட்சை வர்ற வருஷம் பெருசு பண்ணிக்கலாம். அதுவரைக்கும் தளம் சும்மா கிடக்கோணுமா?"

கோகிலவாணி லேபைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அவள் புருஷன் முட்டை லாரியில் கொச்சிக்குப் போயிருந்தான். வீட்டில் விளக்குப் போடாமல் மௌலிகா, மலர் வேலைக்காக அம்மா கொண்டுவந்து வைத்திருந்த பள்ளி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் அவளே எடுத்துக்கொண்ட அவளுடைய படம் இருந்தது. அளவுக் கட்டத்தில் இருபத்தைந்து என்று இருந்தது. விரல் பொத்தான் மேல் இருந்தது.

"எடு கையை."

"ஒரு தடவை அழுத்தோணும், அவ்வளவுதாம்மா. நீ வர்றதுக்கு முன்னாலயே ஆயிப்போச்சுன்னு நெனச்சுக்க."

கோகிலவாணி பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்து இழுக்கவில்லை, இழுத்தால் அழுத்திவிடுவாள் என்று தெரியும். "அங்க போயி என்ன கண்ணு பண்ணப் போற?"

"கேக்கப் போறேன். கனிஷ்கா என்னமோ சொல்றா, எல்லாரும் உழுந்து உழுந்து சிரிக்கறாங்க. என்னடின்னு குனிஞ்சு கேட்டா, கத்திச் சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்லைங்கறா."

"சின்னதா ஆயிட்டாங்கல்ல, அவங்களுக்கும் பயமா இருக்கும்."

"அவங்க ஒண்ணும் சின்னதா இல்ல. அவங்களுக்குள்ள எல்லாரும் சரியாத்தான் இருக்காங்க. நான் பக்கத்துல போனாத்தான் சின்னதாயிடறாங்க. அதனாலதான் என்னைப் பக்கத்துல விடறதில்ல."

இதைச் சொல்லும்போது மௌலிகா அழவில்லை. அழுதிருந்தால் கோகிலவாணி சமாதானம் சொல்லித் தூங்க வைத்திருப்பாள். அழாததால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் போனால்தான். அப்படியானால் பக்கத்தில் ஒன்றும் இல்லாவிட்டால்? ஒரு மரமோ நாற்காலியோ புல்லோகூட இல்லாமல், வெறும் பிள்ளைகளும் வெறும் வானமுமாக ஒரு படம் இருந்தால், அதில் நிற்பது ஒன்றேகால் அடியா ஐந்தடியா என்று அந்தப் படத்துக்கு யார் சொல்வார்கள்?

அவள் மகளின் விரலை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நாளைக்கு எல்லா கிளாஸையும் மறுபடி படம் எடுக்கோணும். கேமரா தரையோட தரையா இருக்கோணும். அவங்களோட பேசிச் சிரிக்க வெக்கோணும். நீதான் எடுக்கோணும்."

"எட்டு பியில நான் நிக்க வேண்டாமா?"

"நீ நின்னாக் கெட்டுப்போயிரும் கண்ணு."

மௌலிகா திரையில் இருந்த தன் படத்தை மூடினாள். "அப்ப இந்தத் தடவையும் நான் இல்ல."

"இல்ல" என்றாள் கோகிலவாணி.  எழுந்து விளக்கைப் போட்டாள்.

மறுநாள் ஆண்டு விழா ஒத்திகை என்று சொல்லி எல்லா வகுப்பையும் மைதானத்தில் கூட்டினாள். மைதானத்தின் மேட்டில் கல் பொறுக்கி, புல் பிடுங்கி, ஒரு செருப்புக்கூடக் கிடக்காமல் பெருக்கி, தாளாளர் வந்தால் விசில் ஊத சம்பத் மாஸ்டரைக் கேட் பக்கம் நிறுத்தினாள். அவர் இந்தப் பக்கம் பார்க்கிறாரா அந்தப் பக்கம் பார்க்கிறாரா என்று தெரியாததால் அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் பெரிதாக மாட்டோம் என்றார்கள். ஷூ டப்பாவில் படுத்துப் பழகிய ஆறாம் வகுப்புக்காரன் ஒருத்தன், பெரிதானால் அம்மா கடைக்கு அனுப்பும் என்றான். கனிஷ்கா முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து, "ஹோம்வொர்க்கும் பெருசாயிடுங்களா மிஸ்?" என்று கத்திக் கேட்டாள். அது எப்போதும் அதே அளவுதான், நீங்கள்தான் சின்னதாகிவிட்டீர்கள் என்றாள் கோகிலவாணி. அப்போது ஒரு காக்கை அவர்களின் தலைக்கு மேலே தாழப் பறந்தது, அதன் நிழல் ஒன்றாம் வகுப்பை மொத்தமாக மூடித் திறந்தது, அதற்கப்புறம் யாரும் பேசாமல் வரிசையில் நின்றார்கள்.

மௌலிகா சீருடையோடு மண்ணில் குப்புறப் படுத்தாள். கன்னம் தரையில் பட, கேமராவை அவர்கள் கால் உயரத்தில் வைத்து நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் குனிந்தே பார்த்த முகங்கள் வானத்தை அடைத்துக்கொண்டு மேலே நின்றன. வகுப்பு வகுப்பாக எடுத்தாள். எட்டு பி வந்ததும் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். "இன்னும் நெருங்கி நில்லுங்க. இடம் விடாதீங்க" என்றாள்.

கோகிலவாணி படங்களுக்கு அதே பெயர்களை வைத்து, அதே ஃபோல்டரில் இறக்கினாள். பழையவற்றின் மேல் புதியதைப் போட்டுவிடலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. இந்த முறை அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துவிட்டு ஆமாம் என்றாள். பச்சைக் கோடு நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே முதலில் எல்கேஜி அழுதது, அப்புறம் யாரோ யாரையோ அடித்தார்கள், அப்புறம் பிளஸ் டூ வரைக்கும் ஒவ்வொரு வகுப்பாகத் தொண்டை திறந்து, மதில் மேல் இருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பிப் போகும்படி ஒரு கூச்சல் எழுந்தது. பெருக்கிய மைதானத்தில் பள்ளி முழுசாக நின்றுகொண்டிருந்தது.

செங்கோட்டுவேல் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. அதற்குப் பின்னால் எல்கேஜி முதல் ஒன்பது வரைக்கும் நிற்பதைப் பார்த்ததும் பாதியிலேயே சுருங்கியது.

"டீச்சர், நான் மூணு கிளாஸ்தானுங்க சொன்னேன்."

"ஃபோல்டர் ஒண்ணுதானுங்களே சார். எல்லாரும் ஒண்ணாத்தான் இருந்தாங்க."

அவர் அவளை வேலையை விட்டு நிறுத்திவிடலாமா என்று யோசித்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு ஆண்டு மலரை யார் செய்வது என்று யோசித்ததும் தெரிந்தது. கடைசியில் கொத்தனாருக்குப் போன் பண்ணப் போனார். அந்தக் கோடை முழுக்க மூணு வித்யா ஸ்கூலில் தளம் உடைக்கிற சத்தம் கேட்டது. உடைக்க மனசு வராத நாலைந்து அறைகளை முட்டை வியாபாரி ஒருத்தருக்கு அட்டை அடுக்கி வைக்கக் கொடுத்தார்.

கீழிருந்து எடுத்த படமென்பதால் பிள்ளைகளுக்குக் கால்கள் முன்பைவிடச் சற்று நீளமாக வந்திருந்தன, எல்லோரையும் மேலிருந்து பார்க்கிற ஒரு பார்வையும் வந்திருந்தது. பெற்றவர்கள் பேண்ட்டை இறக்கித் தைத்தார்கள், மாவு அதிகமாக அரைத்தார்கள், இதுக்கு அதுவே தேவலை என்று ஒரு மாதம் பேசிவிட்டு மறந்தார்கள். ஆண்டு மலர் அச்சாகி வந்தபோது அதில் பள்ளிக் கட்டிடம் ஒரு படத்தில்கூட இல்லை என்று தாளாளர் குறைப்பட்டார். பக்கத்துக்குப் பக்கம் வானமும் பிள்ளைகளும் மட்டும்தான் இருந்தார்கள். எட்டு பியில் மௌலிகா இல்லை. படம் எடுத்தவர் என்று அவள் பெயரைப் போட கோகிலவாணி சொல்லியிருந்தாள். இளவழுதி சந்திப்பிழை திருத்தும்போது அந்த வரி எங்கேயோ போய்விட்டது.

அவர்கள் பெரிதான மறு வாரம், கோகிலவாணி மத்தியானம் வராந்தா வழியாக லேபுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எட்டு பி வாசலில் ஆறேழு தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நடுவில் ஒரு தலை குசுகுசுவென்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லிக்கொண்டிருந்தது மௌலிகா.

"என்ன பேச்சு அங்க?"

தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. "ஒண்ணுமில்லீங்க மிஸ்" என்றார்கள் எல்லோரும். மௌலிகாவும் சொன்னாள், மற்றவர்களைப் போலவே கண் இமைக்காமல், முகத்தில் ஒன்றும் இல்லாமல், கொஞ்சமும் கூச்சப்படாமல் பொய் சொன்னாள். டீச்சராக மட்டும் இருந்திருந்தால் இன்னொரு தடவை அதட்டியிருக்க வேண்டும். கோகிலவாணி நடந்தாள். வராந்தா திரும்பும் இடத்தில் பின்னால் சிரிப்பு வெடித்தது, அது தன்னைப் பற்றித்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அநேகமாகத் தன் நடையைப் பற்றி. அவள் நடையை மாற்றிக்கொள்ளாமல் லேபுக்குள் போனாள்.